அவருக்கு நெய், அவளுக்கு மிச்சம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகப்பேரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கைக் காலி செய்து, ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். யாருக்குக் கல்யாணம் என்கிறீர்களா? கல்யாணமெல்லாம் இல்லை. மேடைக்குப் பின்னால் பேனர் தொங்கியது - ‘சர்க்கரையை வென்றேன்!’

வென்றவர் பாஸ்கர். எனக்கு நேர்மேல் வீடு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். போன வருடம் வரை தொப்பையும் மாத்திரையுமாக, லிப்ட் இல்லாத நாளில் படியேற மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், இப்போது பேன்ட் எல்லாம் தொளதொளக்க, பத்து வயது குறைந்த மாதிரி நிற்கிறார். டாக்டரே மாத்திரையைக் குறைத்துவிட்டாராம். பொய்யில்லை. நானே கண்ணால் பார்த்த மாற்றம்தான்.

நன்றாகவும் பேசினார். “கொழுப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க, எந்தக் கொழுப்புன்னு பாருங்க” என்றார். செக்கில் ஆட்டிய எண்ணெய், அளவாக நெய், தினமும் ஒரு பிடி பாதாம் என்று அடுக்கினார். குடலுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது, அதில் நல்ல பாக்டீரியாவுக்கு நாரும் தயிரும் போட்டு வளர்க்க வேண்டும் என்றார். தட்டில் முதலில் காய், அப்புறம் முட்டை, சோறு கடைசியில், அதுவும் கொஞ்சூண்டு. எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவையும் யார் சமைத்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சமைத்தவள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். பாஸ்கரின் மனைவி செல்வி. நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளும்படி கணவர் எவ்வளவோ சொல்லியும் மாற்றிக்கொள்ளாதவள். எனக்கு அதனாலேயே அவளை ரொம்பப் பிடிக்கும்.

பேச்சு பாதியில் இருக்கும்போது என் கையைப் பிடித்தாள்.

“அக்கா... அவரு மூஞ்சி மேல கருப்பா நூல் நூலா ஓடுதுக்கா.”

“என்ன செல்வி?”

“எடது கண்ணுல. காலைலேர்ந்து பூச்சி பறந்துகினே இருந்துச்சி. இப்ப மொத்தமா மறைக்குது. ஒண்ணும் தெர்லக்கா.”

எழுந்திருக்கச் சொன்னேன். “இரு, அவரு முடிக்கட்டும்” என்றாள்.

முடித்தார். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். கேள்வி நேரம் என்றார்கள். நான் மேடைக்கே போய் அவர் காதில் சொன்னேன். “டென்ஷனா இருக்கும் மேடம், கூட்டம்னாலே அவளுக்குப் படபடப்பு” என்றார். அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை. ஆட்டோ பிடித்து, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். சால்வையை மடித்து வைத்துவிட்டு பாஸ்கர் பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, லைட் அடித்துப் பார்த்தார் அந்த டாக்டரம்மா. விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போய், ஒன்று வெடித்து, கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். அங்கேயே விரலில் குத்திப் பார்த்தார்கள். மிஷினில் வந்த எண்ணை நர்ஸ் சத்தமாகச் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டினாள்.

“சுகர் எத்தனை வருஷமா இருக்கு?”

“எனக்கா? எனக்கு இன்னா டாக்டர், நல்லாத்தான் கீறேன். சுகர் அவருக்கு.”

பாஸ்கர் முன்னால் வந்தார். “எனக்கு இருந்தது டாக்டர். இப்ப ரிவர்ஸ் பண்ணிட்டேன்.”

அந்த நேரத்திலும் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது பாருங்கள்... அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

“நல்லது சார். வீட்டுல சுகர் பார்க்கிற மிஷின் இருக்கா?”

“இருக்கு டாக்டர். நல்ல கம்பெனி.”

“இவங்களுக்குக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

பாஸ்கர் செல்வியைத் திரும்பிப் பார்த்தார். தினமும் காலையில் அவர் விரலைத் துடைத்து, குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் எடுத்து, எண்ணைப் படித்துச் சொல்கிறவள் செல்விதான். அந்த வீட்டில் குத்திப் பார்க்க இன்னொரு விரலும் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை!

டாக்டர் விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கினார். இரண்டாவது பிரசவத்தின்போது சுகர் வந்ததாம். குழந்தை பிறந்ததும் போய்விட்டது என்றார்களாம். அத்தோடு விட்டாயிற்று. “அது போயிடும்மா. ஆனா திரும்பி வரும். வருஷா வருஷம் பார்த்திருக்கணும். இது நேத்து வந்ததில்ல, பல வருஷமா உள்ளேயே இருந்து கண்ணை அரிச்சிருக்கு” என்றார். பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

செல்வி கொஞ்சம் யோசித்தாள். தனக்கென்று தட்டு வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குத்தானே சட்டென்று பதில் வரும்? வீட்டுக்காரர் சோற்றை நிறுத்திவிட்டார். பிள்ளைகளோ பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள். மிஞ்சிய சோறு, மிஞ்சிய தோசை, பிரித்துவிட்டோமே என்று பிஸ்கட், வடித்துவிட்டோமே என்று ராத்திரிக்கும் அதே சோறு...

“கொட்ட மனசு வரல டாக்டர்.”

“முட்டை, காய், தயிர்?”

“அது அவருக்கு. டயட்டு.”

செக்கு எண்ணெய்கூட அவருக்குத் தனி பாட்டில். மற்றவர்களுக்கு ரேஷன் பாமாயில். பாதாம் டப்பா மேல் தட்டில். அவர் பூட்டி வைக்கவெல்லாம் இல்லை. எடுத்துச் சாப்பிடாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிடு என்றும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் பாஸ்கருக்குக் கோபம் வந்தது. பயமாகவும் இருக்கலாம். நம் ஆண்களுக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வருகிறது.

“உடம்புக்கு முடியலன்னா சொல்ல மாட்டியா? ஏன் சொல்லல?”

செல்வி ஒரு கண்ணைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். மற்றக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

“ராவுல எத்தினி தபா பாத்ரூமுக்கு எந்திரிச்சேன். தண்ணி தண்ணின்னு குடிச்சிகினே கெடந்தேன். லைட்டப் போடாத, தூக்கம் கெட்டா எனக்கு சுகர் ஏறும்னு கத்துனியே... இருட்டுலயே போய்க்கினு வந்தேன். அப்ப இன்னான்னு ஒரு வார்த்த கேட்டியாய்யா?”

விஷயம் கேள்விப்பட்டு அவள் தம்பி குமார் ஷேர் ஆட்டோவை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தான். வந்ததும் சண்டைதான். “இன்னா மாமா, ஊர்ல கீறவனுக்கெல்லாம் மைக்கு புட்ச்சி கிளாஸ் எடுக்கறியே. ஊட்ல கீறவ ஒனக்குக் கண்ணுல படலியா?” என்று கத்தினான். செக்யூரிட்டி வந்து அவனைத்தான் வெளியே போகச் சொன்னார். பாஸ்கரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

அன்று மாலை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்கர் ஒரு வரி போட்டார் - மனைவிக்கு உடல்நலமில்லை, பிரார்த்தியுங்கள். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நடுநடுவே அறிவுரை. கேரட் ஜூஸ் கொடுங்கள், பொன்னாங்கண்ணி கொடுங்கள், கண் பயிற்சி வீடியோ அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஒருவர், ‘சார், காலையில் பேச்சு பிரமாதம். நெய் எந்தக் கடை?’ என்று கேட்டிருந்தார். பாஸ்கர் அதற்குப் பதில் போட்டிருந்தார்.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். லேசர் செய்தார்கள். வலது கண்ணிலும் கெட ஆரம்பித்திருந்ததாம், அதைக் காப்பாற்றியாயிற்று. இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பார்வை இனி பெரிதாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். செல்விக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நல்ல உணவைப் பற்றி இப்போது ஊரெல்லாம் பேசுகிறார்கள். பேசட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு வீட்டில் நெய்யும் நாரும் தயிரும் யார் தட்டுக்குப் போகின்றன, மிச்சம் யார் தட்டுக்குப் போகிறது என்று எந்த மேடையிலாவது, யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? இன்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் தட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.

நேற்று மாடிக்குப் போயிருந்தேன். ஹாலில் பாஸ்கர் லேப்டாப்பில் அடுத்த பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆவடியில் ஒரு குடியிருப்பில் கூப்பிட்டிருக்கிறார்களாம். இந்த முறை தலைப்பு, ‘தம்பதியாக வெல்வோம்’. “இப்ப அவளும் டயட்ல இருக்கா மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. சார்ட்டே போட்டுக் கொடுத்துட்டேன்” என்றார்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதில் தூரம் சரியாகப் பிடிபடவில்லை போல. ஆள்காட்டி விரலில் பேண்டேஜ், கட்டை விரலில் இன்னொன்று.

“குடு, நான் நறுக்கறேன்” என்றேன்.

“வோணாங்கா. பழகிக்கினா சரியாப் பூடும்” என்றாள்.

எத்தனை தடவை வெட்டிக்கொண்டால் பழகும் என்று அவருடைய சார்ட்டில் போட்டிருக்கவில்லை.