வைட்டமின் டப்பாவில் ஒளித்த மாத்திரை

தட்டாஞ்சாவடி தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். சென்ற வருடம் வேலையில் இருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் போலிருந்தது. பிறகு போய்ப் பார்த்த மனநல மருத்துவர், "இது பதற்றம்தாம்மா, சரியாயிடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, கவுன்சலிங்குக்கும் வரச் சொன்னார்.

மாத்திரையில் நல்ல குணம் தெரிந்தது. ஆனால் மாமியார் தப்பாக நினைப்பாரோ என்று பயந்து, மாத்திரைகளைப் பழைய வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் படுத்த மாமியார் மதியமாகியும் எழுந்திருக்கவில்லை. உலுக்கி எழுப்பினேன். அரைக்கண் திறந்து, "அசதியா இருந்துச்சி. உன் சத்து மாத்திர ஒண்ணு போட்டேன்" என்று குழறிவிட்டு மறுபடி சாய்ந்தார்.

கணவரும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரிடம் அது என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொன்னேன். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்றார்.

தெளிந்து எழுந்த மாமியாரிடம் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன்.

"அடிப் போடி! நான் பிரஷருக்கு மாத்திர போடல? எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? ஆனா ஒண்ணு, இன்னிக்கித்தான் ஆச தீரத் தூங்கனேன்!" என்றார். நர்ஸ் கூடச் சிரித்துவிட்டார்.

இப்போது மாத்திரைகள் அவற்றின் அட்டையிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. கவுன்சலிங்குக்குப் போகும்போது மாமியார்தான் துணைக்கு வருகிறார். திரும்பும்போது பீச்சில் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம். அதைக் கணவரிடம் மட்டும் சொல்வதில்லை.