கால்வட்டம் திரும்பிய புள்ளிகள்

ஆய்வகத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் தனக்குச் செய்ததை மறக்கவும் மாட்டாள்.

கம்பியில்லாமல் வரும் சிக்னல் கட்டடங்களில் மோதி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பித்தான் வந்து சேரும். தெரிந்த செய்தி ஒன்றை முதலில் அனுப்பினால், அதைப் பார்த்துக் கருவி குழப்பத்தை நேராக்கிக்கொள்ளும். அந்த உதவிகூட இல்லாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு நேராக்கும் முறைகளை ஒப்பிடுவதுதான் அவள் வேலை. ஒரு முறை சிக்னலின் பலத்தை மட்டும் பார்க்கும். ஆமை வேகம், ஆனால் கைவிடாது. இன்னொன்று தன் யூகத்தையே நம்பும். படு வேகம், ஆனால் தொடக்கத்திலேயே யூகம் தப்பானால் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு தொங்கும். முதலில் மெதுவானதையும் பிறகு வேகமானதையும் ஓட்டலாம் என்று கண்டவள் அவள்தான். அப்படியும், நேராக்கிய சிக்னல் திரையில் காட்டும் நான்கு புள்ளிகள் பல சமயம் கால்வட்டமோ அரைவட்டமோ திரும்பி நிற்கும். பார்க்க அழகு, படித்தால் உளறல். அதற்கும் சின்னத் திருத்தம் ஒன்று சேர்த்திருந்தாள்.

இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையோ மேலாளரின் பெயரில் வெளிவந்தது.

“அந்தப் பொண்ணு சும்மா புரோகிராம் ஓட்டினவ, அவ்வளவுதான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வரைபடத்தில் பிழை கொஞ்சம் கூடித் தெரிகிறதென்று அவள் திருத்தத்தையும் வெட்டி எறிந்தார். சோதனையில் ஒன்றும் கெடவில்லை. அனுப்பிய செய்தி சோதனைப் புரோகிராமுக்கு முன்கூட்டியே தெரியுமாதலால், புள்ளிகளை அதுவே திருப்பி வைத்துக்கொண்டது. இதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், சொல்லவில்லை.

“விட்டுத் தள்ளுடி. கோவத்துல சாப்பாட்டைக்கூடத் தொட மாட்டேங்கிற” என்றாள் வீட்டில் அக்கா.

“அந்தாளு மூக்கை உடைக்காம விடமாட்டேன்க்கா.”

ஒரு நாள் கருவியை விலைக்கு வாங்க வந்தவர்கள் முன் அதை வைத்தார்கள். இங்கே விடை சொல்லித்தர யாருமில்லை. புள்ளிகள் நேராக நிற்பது நான்கில் ஒரு தடவைதான். மேலாளர் பொத்தானை அழுத்தினார். பக்கத்து அறையில் பேசியவரின் குரல் தெளிவாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. பாழாய்ப்போன அதிர்ஷ்டமும் அந்த மனுஷன் பக்கம்தானா?

வந்தவர்கள் கிளம்ப எழுந்தபோது ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தாள்.

“சார், இன்னொரு தடவை அணைச்சுப் போட்டுக் காட்டலாமே.”

“தாராளமா!” தலைகால் புரியாத பெருமையில் அணைத்துப் போட்டார். நான்கு புள்ளிகளும் முத்து முத்தாக வந்தன. “பாருங்க, என்ன சுத்தம்!” என்று அவர் சொல்லும்போதே ஒலிபெருக்கி கரகரவென்று இரைந்தது. மறுபடி போட்டார். அதே இரைச்சல். மறுபடியும். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

மேலாளர் முகம் வெளிறி அவளிடம் ஓடிவந்தார். “என்னம்மா இது? அவங்க இன்னும் வாசலைத் தாண்டலை. ஏதாவது பண்ண முடியுமா?”

அவர் வெட்டி எறிந்த திருத்தம் அவள் கணினியில் பத்திரமாக இருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கென்ன சார் தெரியும்? நான் சும்மா புரோகிராம் ஓட்டினவதானே.”

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“பசிக்குதுக்கா” என்றாள்.