எண் எழுதிய நாற்காலிகள்

எனக்கு எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்த வருஷம், எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் அது என்ன படிப்பு என்று தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கட்டணம் எவ்வளவு என்று கேட்டதும் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அம்பத்தூரில் டைப்பிஸ்ட் வேலை. நேர்முகத்தில் வெளுத்து வாங்கினேன். அடுத்து, வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது.

அங்கேதான் அம்மா காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள். எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம். எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் மற்ற வீட்டு நல்ல சாமான்கள் எல்லாம் அங்கே போய்விடும். மாறிவிடக் கூடாது என்று நாற்காலிகளின் முதுகில் வீட்டு எண்ணைப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். தொழிற்சாலைக்காரர்கள் அல்லவா, எண் போடாமல் எதையும் விடமாட்டார்கள். அதிகாரி வரும் நாளில் நான் நூலகம் போய்த் திரும்புவதற்குள் முன்னறையில் ஆறு நாற்காலிகள், ஒரு டி.வி., பூப்போட்ட திரைச்சீலை.

"எங்க ஊட்டு மிக்சியும் எட்த்தாந்துகீறேன்க்கா, எங்க வைக்க?" என்று அம்மாவிடம் கேட்டபடி எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்தாள்.

"இல்லாதவங்களுக்குத்தாம்மா குடுக்கறாங்க," என்றேன்.

அம்மா திருநெல்வேலிக்காரி. "வர்றவரு நம்மள மட்டமா நெனச்சிரக் கூடாதுல்லா," என்றாள்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். டி.வி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வசதியாத்தானே இருக்கீங்க," என்று பேனாவை மூடினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா மேல், அவர் மேல், அந்தப் பூப்போட்ட திரை மேல். காலியாக இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். "இது ஏழாம் நம்பர் வீட்டோடது. இது பதினொண்ணு. டி.வி. மாடி வீட்டோடது. எங்க நம்பர் எதுலயும் இருக்காது சார். எங்ககிட்ட நாற்காலியே இல்ல."

அடுக்களையில் அம்மா விசும்புவது கேட்டது. அவர் குனிந்து அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எதுக்கும்மா இத்தனை பேர் கொடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் படிக்கணும்னு சார்."

பேனாவைத் திறந்தார். அந்த மாதமே உதவித்தொகை வந்தது.

மறுவருஷம் அவர் மறுபடி வருவதாகக் கடிதம் வந்ததும் அம்மா உஷாராகிவிட்டாள். எங்களுடைய ரேடியோவையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும்கூட எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வந்தவர் வெறும் தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"போன வருஷம் உட்காரவாவது இடம் இருந்துச்சு. இப்ப நான் வீடு பாக்க வரலைம்மா. எங்க உதவியில படிக்கிறவங்கள்ல உங்க பொண்ணுதான் முதல் மார்க். மிச்சப் படிப்பும் எங்க பொறுப்பு. நேர்ல சொல்லலாம்னு வந்தேன்."

அதிர்ந்து பேசாத அப்பா வாசலுக்கு ஓடி, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினார்: "நாற்காலி கொண்டாங்கய்யா!"

கொண்டுவந்தார்கள், டி.வி.யோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. போன வருஷம் அடுக்களையில் அழுத அம்மா, பதினொன்றாம் எண் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.