உப்புத் தண்ணீரும் ஸ்டீராய்டு ஊசியும்

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் ஒரே மருந்து உப்புத் தண்ணீர். என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆழத்து லெவலில் சூடு தாங்காமல் தலை சுற்றினால் அங்கே உப்புப் போட்ட தண்ணீர்தான் கொடுப்பார்களாம். அதனால் தலைச்சன் பிள்ளைக்கு ஏழு மாதமாக இருந்த எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தபோது, கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு சொம்பு கலக்கிக் கொடுத்தார். நானும் குடித்துத் தொலைத்தேன்.

கால் வீங்கி மெட்டி விரலில் புதைந்துபோனது. அதற்கும் அதே சொம்பு. கண்ணெதிரே பூச்சி பறக்க ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா வந்து இவரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாப்பா நீ, இவ இன்னா கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள இறங்குறாளா? ஆஸ்பத்திரிக்கு இட்னு போ."

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. உப்புக் கதையை இவரே பெருமையாக எடுத்துவிட்டார்.

"உப்பால வந்த வியாதி இல்ல இது. ஆனா அத குடிச்சினு வீட்லயே உக்காந்துட்டீங்களே" என்றார் டாக்டரம்மா. விட்டால் எனக்கு வலிப்பு வரும், பிள்ளையைச் சீக்கிரமே எடுத்தாக வேண்டும், அதன் நுரையீரல் இன்னும் பக்குவப்படவில்லை, அதற்கு ஸ்டீராய்டு ஊசி என்று புது வைத்தியம் வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

நுரையீரல் என்றதும் இவருக்கு ரத்தம் சுண்டிவிட்டது. எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் கல்தூசி தின்ற நெஞ்சு என்றுதான் அர்த்தம். என் மாமனார் இருமி இருமியே போனவர்.

"அது இன்னும் சுரங்க ஷாஃப்ட்டையே பார்க்கலியே டாக்டரம்மா. அதுக்குமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தூசி இல்லீங்க. வெளிய வந்தா மூச்சு வுடணுமே, அதுக்குத்தான்."

ஊசி போட்டார்கள். பிரஷருக்குத் தனி மருந்து கொடுத்து, ஊசி மருந்து பிள்ளைக்குப் போய்ச் சேரும்வரை என்னை இழுத்துப் பிடித்தார்கள். பிறகு ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது எனக்குக் காதில் விழுந்தது அழுகைச் சத்தம்தான். பெண் குழந்தை, ஒரு கைக்குள் அடங்கிவிடும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரஷர் மட்டும் சில நாள் அலைக்கழித்துவிட்டுத்தான் இறங்கியது.

இவர் குழந்தையின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வெறும் அழுகதான். இருமல் இல்ல" என்றார். சொல்லிவிட்டு வெராண்டாவுக்குப் போய்த் தன் இருமலை இருமிவிட்டு வந்தார்.