பாதிப் பேருக்குக் களிம்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் ஆராய்ச்சி மண்ணைக் கவ்வியது. கவ்வ வைத்தவர் ராக்கம்மா.

பேகம்பூர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், வேலை செய்கிற பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை அள்ளி அள்ளி விரல் இடுக்கெல்லாம் புண். ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், மருந்து போடுவோம், ஆறும். மறுபடி தொட்டி... மறுபடி புண்! தொட்டியில் கை வைக்கும் முன்பே எதையாவது பூசிக்கொண்டால் என்ன? பலன் இருக்குமா? பெரிய டாக்டர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை!

எங்கள் சீஃப் டாக்டர் சிரித்தார்.

"ஆராய்ச்சியெல்லாம் மெட்ராஸ்ல பெரிய ஆளுங்க பாத்துக்குவாங்கம்மா. ஹவுஸ் சர்ஜன் நீ, ஓ.பி.யைக் கவனி. ஆமா... கல்யாணம் எப்போ?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டாக்டர் படிப்பே பெரிய ஆட்களுக்குத்தான் என்று ஊர் சொன்னபோதே கேட்காதவள். இதற்கா அசருவேன்?

தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து களிம்பு தயாரித்தேன். என் ஓய்வு நாளான ஞாயிறுகளில் தோல் ஷாப்புக்குப் போனேன்; அங்கே அன்றும் வேலை உண்டு. அங்குள்ள பெண்களில் பாதிப் பேருக்குக் களிம்பு, மீதிப் பேருக்குக் கிடையாது. பிறகு இரு சாராரின் கைகளையும் ஒப்பிட வேண்டும். சுலபம்தானே?

போன ஞாயிறு போய்ப் பார்த்தால் எல்லார் கையும் மினுமினுக்கிறது!

"ராக்கம்மா, உங்க பாதிப் பேருக்கு மட்டும்தானே கொடுத்தேன்?"

"நல்லா இருக்கே நாயம்! பக்கத்துல காளியம்மா எரியுது எரியுதுன்னு கையை ஒதறிக்கிட்டு நிக்கிறா. நான் மட்டும் பூசிக்கிட்டு மினுக்கவா? சோத்தையே பங்கு போட்டுத் திங்கிறவுக நாங்க."

"அவங்களுக்கும் பின்னால தர்றேன்னு சொன்னேனே!"

"பின்னால தந்தா, இப்ப எரியிறது நிக்குமா தாயி?"

திட்டவும் முடியவில்லை, மெச்சவும் மனம் வரவில்லை.

வேறு வழி யோசித்தேன். ஒரு தோல் ஷாப்பில் எல்லாருக்கும் களிம்பு. தள்ளியிருக்கும் இன்னொன்றில், இப்போதைக்கு யாருக்கும் இல்லை. பங்கு போட வழியில்லை. ஆனால் ஞாயிறு மட்டும் போனால் போதாது. வேலை நடக்கும் மற்ற நாட்களிலும் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கோ இந்த ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டே மாதம்தான். பிறகு வேறு ஊர். அப்புறம் இந்தக் கேள்வியை யார் கேட்கப் போகிறார்கள்?

மறுபடி சீஃப்பிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் களிம்புல ஒரு டப்பா வீட்டுக்கு அனுப்பேன். பாத்திரம் தேச்சுத் தேச்சு எங்க வீட்டம்மா கையெல்லாம் வெடிப்பு."

"அது கேட்குமா கேட்காதான்னே இன்னும் தெரியாது சார். தெரிஞ்சுக்கத்தான் பெர்மிஷன் கேட்கிறேன்."

அவர் முகம் இளகியது.

"நான் ஒண்ணும் ஆராய்ச்சிக்கு எதிரியில்லம்மா. இளசுகளுக்கு ஊக்கம் கொடுக்கணும். வாராவாரம் வெள்ளிக்கிழமை பூரா எடுத்துக்க! பதிலுக்கு ஞாயித்துக்கிழமை ட்யூட்டி பாத்துரு."

கை கூப்பி நன்றி சொல்லிவிட்டு, வராந்தா வரை வந்த பிறகுதான் உறைத்தது.

பேகம்பூர் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு!