தேனீயிடம் மட்டும் மன்னிப்பு கேட்டவர்

மகளின் நிச்சயதார்த்தத்துக்குள் வழுக்கையை மூடியாக வேண்டும் என்ற பீதி எனக்கு. தேனீ விஷம் ஏறினால் முடி முளைக்கும் என்று யாரோ சொல்ல, ஒக்கலிபுரத்து வைத்தியரிடம் தலையைக் கொடுத்தேன். ஐம்பது வயதிலும் அவருக்குக் கருகருவென்று சுருட்டை முடி. இடுக்கியில் தேனீயைப் பிடித்து என் மண்டையில் வைப்பார். கொட்டிவிட்டு அது செத்துப்போகும். "ஸாரிம்மா" என்பார், அதனிடம். அலறுவதென்னவோ நான்.

"ஐயோ, மூச்சு அடைக்குது சார்!"

"அடைச்சா இவ்ளோ சத்தம் வராது. சும்மா உக்காருங்க."

ஐந்தாவது கொட்டுக்குப் பிறகு கேட்டேன். "உங்களுக்கு எத்தனை கொட்டுல இந்த முடி வந்தது?"

"எனக்கா? ஒண்ணுகூட இல்ல சார். எங்கப்பாவுக்கும் இப்படித்தான்."

என் அப்பாவுக்கு முப்பதிலேயே வழுக்கை. இருந்தும் எழுந்து ஓடாமல், தலையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினேன். காசு வாங்குகிற மனுஷன், மரியாதைக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.