கொதிக்கவைத்த அருவித் தண்ணீர்

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைத் தென்காசி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டிலில் உட்கார்ந்ததும் அவன் சாப்பாடு கேட்கவில்லை, காப்பி கேட்கவில்லை.

"ஏலே, என் ரேசர் எங்கலே?"

என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவன், கல்யாணம் என்ற பேச்சையே காதில் வாங்காமல் எங்களோடு இருந்துவிட்டான். முகம் மழிக்காமல் அவன் வாசற்படி இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த ரேசரை ஜபல்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்வான். கைப்பிடியின் அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் தலையில் இரண்டு கதவுகள் விரியும். நடுவில் பிளேடை வைத்துத் திருப்பினால் மூடிக்கொள்ளும். "எனக்குன்னு உள்ள வீடு இதுதாம்லே. கதவு மட்டும்தான் இருக்கு" என்று சிரிப்பான்.

ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றிய மாதங்களில் அது குளியலறை ஜன்னலில் தேடுவாரற்றுக் கிடந்தது. ஜன்னலைத் துடைக்கப்போன என் மனைவியின் கை தவறி விழுந்ததில் ஒரு கதவு வளைந்துவிட்டது. உப்புத் தண்ணீரும் சோப்பும் காய்ந்து திருகும் இறுகிவிட்டது.

"சரி பண்ணிக் குடுலே. சாரல் விழ ஆரம்பிச்சிட்டுல்லா. குத்தாலத்துக்குப் போயி ஒரு ஷேவ் பண்ணணும்."

ஒவ்வொரு சீசனிலும் அது அவன் வழக்கம். ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் ஓடும்போது, இவன் மட்டும் ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து ஓரமாக உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமலே மழித்து முடிப்பான். அப்புறம்தான் தலையை நனைப்பான். கேட்டால், "அருவிக்கு ஒரு மரியாத வேண்டாமாலே?" என்பான்.

நான் புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கிறவன். எங்கள் ஆட்களுக்கு எந்தக் கறைக்கும் எலுமிச்சைதான் மருந்து. குத்துவிளக்கோ குழாயோ, பிழிந்து தேய்த்துவிடுவோம். லாரியில் ஏற்ற முடியாத அடிபட்ட பழங்களைப் பிழிந்து, சாற்றுக்குள் ரேசரை முக்கிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து எடுத்தால் திருகு இளகியிருந்தது. கூடவே, வெள்ளி மாதிரி மின்னிய பூச்சும் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருந்த பித்தளை பல்லிளித்தது.

அண்ணன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கும் மருந்து ஏத்திட்டியாலே? என்னய மாதிரியே தோலு உரிஞ்சு நிக்கி."

அவன்தான் சிரித்தான். என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மீதி வேலையை அவன் கட்டிலருகே உட்கார்ந்து செய்தேன். பழைய பல் பிரஷால் இடுக்கிலிருந்த சோப்புக் காரையைச் சுரண்டினேன். தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். வளைந்த கதவைத் துணியால் சுற்றி, குறடால் மெல்ல நிமிர்த்தினேன்.

"பையலே, பைய. இன்னும் ஒரு பொட்டு. போதும், ஒடிச்சிராத!"

கடைசியில் இரண்டு கதவும் ஒன்றாகப் படிந்தன. பிளேடைப் போட்டு வெளிச்சத்தில் பிடித்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக எட்டிப் பார்த்தது.

"அப்பம் நாளைக்குக் குத்தாலம்" என்றான்.

வாசலில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். கூட்டம் ஆகாது, அருவித் தண்ணீர் ஆகாது, பிளேடு பக்கத்திலேயே போகக் கூடாது, சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்காது என்றார். உள்ளே வந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுலே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஒரு கேனை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். அருவி ஓரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஈரத்துண்டோடு நின்ற ஒருவர், "என்ன அண்ணாச்சி, வீட்டுல பைப்புத் தண்ணி வரலயோ?" என்று கிண்டலடித்தார்.

"எங்க அண்ணனால வர முடியல" என்றேன்.

கேனை அவரே தூக்கிவந்து என் வண்டியில் வைத்தார்.

வீட்டில் என் மனைவி அதை அடுப்பில் ஏற்றிவிட்டாள். "என்னதான் அருவின்னாலும் கொதிக்க வச்சு ஆத்தித்தான் அத்தானுக்குக் குடுப்பேன்."

"குத்தாலத்தக் கொதிக்க வச்ச மொத ஆளு நீதாம்மா" என்றான் அண்ணன். வெகுநாளைக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய தெம்பு.

பிளேடை நான் எடுத்துவிட்டிருந்தேன். அவன் திருகைத் திருப்பினான். கதவுகள் விரிந்தன. உள்ளே ஒன்றுமில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவுகளை மூடினான்.

பிரஷை அருவித் தண்ணீரில் நனைத்து, முகம் முழுக்க நுரை பூசினான். கன்னத்தை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் இழுத்தான். அந்த முகத்தில் மழிக்க ஒரு மயிர் கிடையாது. மருந்து எல்லாவற்றையும் எப்போதோ உதிர்த்துவிட்டிருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"தடவிப் பாருலே."

தடவினேன். "மழுமழுன்னு இருக்கு."

"பின்ன? ரிப்பேர் பண்ணுனது யாரு?"

சாரல் நிற்பதற்குள் அவன் போய்விட்டான். துக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்பத்தான் ஷேவ் பண்ணிட்டுப் படுத்த மாதிரில்லா இருக்காவ." யார் என்ன சொன்னாலும் மனதில் முடிந்துவைத்துக்கொள்கிற ஆள் நான். இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அஸ்தியைக் குற்றாலத்தில் கரைத்து மொட்டை போட்டுக்கொண்டேன். மீசையும் போயிற்று. பிறகு தாடி முளைத்து முகம் கறுத்தபோது, "பாக்க முடியல, சவரம் பண்ணுங்க" என்றாள் மனைவி.

அவன் ரேசரை எடுத்துத் திருகைத் திருப்பினேன். கதவுகள் இலகுவாக விரிந்தன. உள்ளே, அன்றைய நுரை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு மயிர்கூட இல்லாத நுரை.

கழுவாமல் விட்டால் திருகு மறுபடியும் இறுகிவிடும். நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கதவுகளை மூடினேன்.